சேப்பாக்கத்துக்குப் போகும் மாலை: வடசென்னையின் இளம் சிவில் பொறியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிவில் பொறியியலில் பட்டமோ டிப்ளமோவோ முடித்து, கட்டுமான நிறுவனம் ஒன்றில் சைட் இன்ஜினியராகச் சேர்ந்து ஓரிரண்டு ஆண்டுகள் ஆன பிள்ளைகள் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்பார்கள். "சார், இன்ஸ்டிடியூஷனில் மெம்பர் ஆனால் என்ன கிடைக்கும்?" என்பதே அது. இந்தியப் பொறியாளர்கள் நிறுவனத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். உறுப்பினர் அட்டையால் மட்டும் பெரிதாக ஒன்றும் கிடைத்துவிடாது என்றும், மாதத்துக்கு ஒருமுறையாவது அங்கே நடக்கும் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால் கல்லூரியும் சைட்டும் கற்றுத்தராத சில விஷயங்கள் கைக்கு வரும் என்றும் நான் பதில் சொல்வது வழக்கம். அந்தப் பதிலைச் சற்று விரித்து, எந்த அமைப்புக்குப் போவது, எப்படிப் போவது, அங்கே என்ன கேட்பது, எப்போது உறுப்பினராவது என்பதை வரிசையாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வடசென்னைக்காரர்களை மனத்தில் வைத்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. பொறியாளர் அமைப்புகளின் கூட்டங்கள் பெரும்பாலும் சேப்பாக்கம், கிண்டி, அடையாறு, தரமணி என்று நகரின் மறுபக்கத்திலேயே நடப்பதால், நம் பக்கத்துப் பிள்ளைகள் அவற்றைத் தமக்குத் தொடர்பில்லாதவை என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த அரங்குகளில் பேசப்படும் கடலரிப்பு, உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் கம்பி, இளகிய களிமண்ணில் கடைக்கால், மழைநீர் வடிகால், துறைமுகக் கட்டுமானம் ஆகிய எல்லாமே நம் வீட்டு வாசலில் இருக்கும் விஷயங்கள். அந்தப் பேச்சை நாம்தான் முதலில் போய்க் கேட்க வேண்டும்.

எந்த அமைப்பு எதற்கு

நம்மவர்கள் சுருக்கமாக இன்ஸ்டிடியூஷன் என்று சொல்வது இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் என்னும் இந்தியப் பொறியாளர்கள் நிறுவனத்தை. அது 1920 செப்டம்பர் 13 அன்று சென்னையில் பதிவு செய்யப்பட்டு, 1921 தொடக்கத்தில் கல்கத்தாவில் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டு, 1935-இல் அரச சாசனம் பெற்றது. தலைமையகம் கொல்கத்தாவில் இருந்தாலும், பிறந்த பதிவு நம் ஊருக்கு உரியது என்பதை இளைஞர்களிடம் சொல்வதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி உண்டு. அதில் 15 பொறியியல் பிரிவுகள் உள்ளன. சிவில் அவற்றுள் ஒன்று. மாநிலத்துக்கு ஒரு மாநில மையமும், கோயம்புத்தூர், மதுரை, திருச்சி போன்ற ஊர்களில் உள்ளூர் மையங்களும் இயங்குகின்றன. தமிழ்நாடு மாநில மையம் சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. ஒரு புதியவர் முதலில் காலெடுத்து வைக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து. அங்கே சிவில் மட்டுமன்றி மின்சாரம், இயந்திரம், சுற்றுச்சூழல் என்று பிற துறையினரும் வருவதால், ஒரு கட்டடத்தின் மற்றப் பாதி எப்படி வேலை செய்கிறது என்பதும் காதில் விழும்.

உங்கள் அன்றாட வேலை கான்கிரீட்டைச் சுற்றியே சுழலுமானால், இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட்டின் சென்னை மையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1982-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் தலைமையகமே சென்னையில் இருக்கிறது. மண்ணும் கடைக்காலும் உங்கள் வேலையானால், 1948 முதல் இயங்கும் இந்தியன் ஜியோடெக்னிக்கல் சொசைட்டியின் சென்னைக் கிளை உங்களுக்கு உரிய இடம். சாலைப் பணியில் இருப்பவர்கள் 1934-இல் அமைந்த இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வெளியீடுகளை எப்படியும் கையில் வைத்திருப்பீர்கள். அதன் உறுப்பினராவதைப் பின்னர் யோசிக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே ஆண்டில் சேர்ந்துவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டியதில்லை. பொதுவான ஒன்று, உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒன்று என இரண்டு போதும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாகத் தீர்த்துவிட வேண்டும், ஏனெனில் இதில் ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால், அதன்படி பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரில் தொழில் செய்ய முடியும். பொறியாளர்களுக்கு அப்படி நாடு முழுவதற்குமான உரிமச் சட்டம் இல்லை. ஆகவே எந்த அமைப்பின் உறுப்பினர் அட்டையும் வரைபடத்தில் கையெழுத்திடும் உரிமையைத் தந்துவிடாது. நம் மாநிலத்தில் அந்த உரிமை, 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்கீழ், உரிய அரசு அமைப்பிடம் பதிவு பெற்ற பொறியாளராகவோ கட்டமைப்புப் பொறியாளராகவோ தனியே பதிவு செய்துகொள்பவருக்கே வருகிறது. பெயருக்குப் பின்னால் எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம் என்பதற்காக மட்டும் சேர நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டு சேர்வது நல்லது.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கூட்டங்கள்

விண்ணப்பத்தைக் கையில் எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போய் வாருங்கள் என்பதே என் உறுதியான அறிவுரை. மாலை நேரச் சொற்பொழிவுகளுக்குப் பொதுவாக உறுப்பினரல்லாதவர்களும் வரலாம். ஆனாலும் முதல் நாளே மையத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, வரலாமா, முன்பதிவு வேண்டுமா என்று கேட்டுக்கொள்வதுதான் மரியாதை. முழுநாள் கருத்தரங்குகளுக்கும் பயிலரங்குகளுக்கும் கட்டணம் இருக்கும். அதைக் கட்டும்போது உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். கேட்காததால் கிடைக்காமல் போன பணம் எத்தனையோ பேருக்கு உண்டு. நிகழ்ச்சி அறிவிப்புகள் இப்போது வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வருகின்றன. அலுவலகத்தில் உங்கள் எண்ணைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் சேர்த்துக்கொள்வார்கள்.

போக்குவரத்தைப் பற்றி விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நம் பக்கத்தவர்கள் போகாமல் இருப்பதற்குச் சொல்லும் முதல் காரணம் அதுதான் என்பதே. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. திருவொற்றியூர், காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, புது வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை ஆகிய எந்த நிலையத்தில் ஏறினாலும், வண்டி மாறாமல் சென்ட்ரலைத் தாண்டி அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கி, சுவாமி சிவானந்தா சாலை வழியே நடந்து போய்விடலாம். எண்ணூர், கத்திவாக்கம் பக்கத்தவர்கள் புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, பறக்கும் ரயிலில் சேப்பாக்கத்தில் இறங்கலாம். பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்கள் சென்ட்ரலுக்கு ரயிலில் வந்து அங்கிருந்து ஒரே ஒரு நிலையம் மெட்ரோவில் போனால் போதும். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கூட்டம் என்றால் அதே நீல வழித்தட மெட்ரோ கிண்டி வரை போகிறது. தரமணி என்றால் பறக்கும் ரயில் இருக்கிறது. இரவு 11 மணி வரை மெட்ரோ ஓடுவதால், கூட்டம் நீண்டுவிட்டால் எப்படித் திரும்புவது என்ற கவலை பெண் பொறியாளர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் முன்பு இருந்த அளவுக்கு இப்போது இருக்கத் தேவையில்லை.

மாலைக் கூட்டம் ஒன்று எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் முன்னதாகத் தேநீர் இருக்கும். பின்னர் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு, பேச்சாளர் அறிமுகம், ஒரு மணி நேரம் அளவிலான உரை, கேள்விகள், நன்றியுரை, நாட்டுப்பண் என்று முடியும். தேநீர் நேரத்தைத் தவறவிடாதீர்கள். பொதுப்பணித் துறையிலும் குடிநீர் வாரியத்திலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அந்த நேரத்தில்தான் பேசுவார்கள். அவர்களிடம் உங்கள் பெயரையும் நீங்கள் வேலை செய்யும் இடத்தையும் சொல்லுங்கள். மற்றதை அவர்களே கேட்பார்கள். சைட்டிலிருந்து நேராக வருகிறோமே, சட்டையில் சிமெண்ட் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அந்த அறையில் இருக்கும் பெரும்பாலானோர் ஒரு காலத்தில் அதே சட்டையோடு நின்றவர்கள்தாம்.

கேள்வியோடு போகவேண்டும்

இதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெறுங்கையோடு போய் உரையைக் கேட்டுவிட்டு வந்தால் ஒரு வாரத்தில் மறந்துவிடும். உங்கள் சைட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போனால், அதற்குக் கிடைக்கும் பதில் ஆயுள் முழுவதும் கூட வரும்.

எனக்கு அப்படி வந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கட்டடத்துக்கு அடித்தளப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். மண் ஆய்வு அறிக்கையில் நிலத்தடி நீர் ஆழமாக இருப்பதாகப் போட்டிருந்தது. ஐப்பசி பிறந்ததும் பள்ளத்தில் நீர் ஊறி, ஒரு பக்கம் மண் சரிந்து, கட்டி வைத்த கம்பியெல்லாம் சேற்றில் அமிழ்ந்துவிட்டது. யாருக்கும் காயம் இல்லை என்பது மட்டுமே ஆறுதலாக இருந்தது. அறிக்கை தப்பு என்று எங்கள் தரப்பில் எல்லோரும் ஆய்வு செய்தவர்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் கடைக்கால் பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த நான், கேள்வி நேரத்தில் துணிந்து எழுந்து நடந்ததைச் சொன்னேன். பேச்சாளர் பதில் சொல்லவில்லை, முன்வரிசையில் இருந்த வயதான பொறியாளர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "தம்பி, அந்த போர் எந்த மாசம் போட்டது?" என்று கேட்டார். மண் ஆய்வுக்காகத் துளையிட்டதைத்தான் அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு துளைக்கும் எழுதும் பதிவான போர்லாக் ஒவ்வொன்றிலும் மே மாதத் தேதி இருந்தது. நீர்மட்டம் சரியாகத்தான் அளக்கப்பட்டிருந்தது. கோடையில் அளந்ததை மழைக்காலத்துக்கும் உண்மை என்று நம்பியது நாங்கள்தான். அன்றிலிருந்து எந்த மண் ஆய்வு அறிக்கை கையில் வந்தாலும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன். கல்லூரியில் அதைச் சொல்லித்தந்திருக்கவும் கூடும். ஆனால் பள்ளத்தில் சேறு நிரம்பிய வாரத்தில் கேட்டதால்தான் அது எனக்குள் இறங்கியது.

கேள்வியை எப்படித் தயார் செய்வது என்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் இடத்தையும் வேலையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, நீங்கள் கண்ணால் கண்டதையும் அளந்ததையும் மட்டும் எழுதுங்கள். பிறர் சொன்னதை அதிலிருந்து பிரித்து வையுங்கள். பிறகு, ஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணயப் புத்தகம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். இதைச் செய்யாமல் கேட்டால், "ஐஎஸ் புத்தகத்தைப் பார்த்தீர்களா?" என்ற பதிலோடு உங்கள் வாய்ப்பு முடிந்துவிடும். உதாரணமாக, மண் ஆய்வில் மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் என்-மதிப்பு பற்றிக் கேட்கப் போகிறீர்கள் என்றால், 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச்செய்து, குழாய் 45 சென்டிமீட்டர் இறங்கும்போது முதல் 15 சென்டிமீட்டரை விட்டு, கடைசி 30 சென்டிமீட்டருக்கான அடிகளைத்தான் எண்ணுகிறார்கள் என்பதை நேரில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் சைட்டில் சுத்தியல் உண்மையில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று சொல்ல முடிந்தால், அந்த அறை முழுவதும் உங்கள் பக்கம் திரும்பும். இறுதியாக, நிறுவனத்தின் பெயரையும் உரிமையாளரின் பெயரையும் சொல்லாமலே கேள்வியைக் கேட்கப் பழகுங்கள். அது உங்கள் வேலைக்கும் பாதுகாப்பு, தொழில் நேர்மைக்கும் உகந்தது. புகைப்படம் காட்ட வேண்டுமானால், மேலதிகாரியிடம் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

எந்தக் கேள்வியைக் கொண்டுபோவது என்று தெரியாதவர்களுக்கு, வடசென்னையில் எங்கும் கிடைக்கும் ஒன்றைச் சொல்கிறேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் நடந்து பாருங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளே ஆன வீடுகளின் பால்கனி அடியிலும் சன்ஷேடிலும் கான்கிரீட் உரிந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். ஐஎஸ் 456:2000, கடற்கரைச் சூழலுக்கு வெளிப்பட்டு நிற்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 என்னும் வலிமைத் தரமும், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்கு மிகாமலும், கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனமாகிய கவர் 45 மில்லிமீட்டரும் வேண்டும் என்கிறது. கடல்நீர்த் திவலை தெறிக்கும் இடமானால் எம்35 தரமும் 50 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. நம் தெருவில் மேஸ்திரி ஸ்லாபுக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் எவ்வளவு கனம் என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியே உங்கள் கேள்வி. மூன்று மாடி வீடு கட்டும் ஒரு மீனவக் குடும்பத்தால் எவ்வளவு கூடுதல் செலவு தாங்க முடியும், எந்த உறுப்புகளில் முதலில் கவனம் வைக்க வேண்டும், ஏற்கெனவே உரிந்ததை எப்படிப் பழுதுபார்ப்பது என்று கேளுங்கள். பெரிய பாலங்களைக் கட்டியவர்கள் இதற்குச் சொல்லும் பதிலை நம் தெருவுக்குக் கொண்டுவர உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை.

நிலநடுக்கம் பற்றிய கேள்வியும் அடிக்கடி எழுகிறது. ஐஎஸ் 1893 என்னும் தரநூலின் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அதற்கு முன் கட்டிய கட்டடத்தின்மேல் ஒரு மாடி ஏற்றலாமா என்று வீட்டுக்காரர் கேட்டால், உங்களுக்கு அன்றே ஒரு கூட்டத்துக்கான கேள்வி கிடைத்துவிட்டது.

உறுப்பினராவது

இரண்டு மூன்று கூட்டங்களுக்குப் போய்வந்த பிறகும் விருப்பம் இருந்தால், அப்போது விண்ணப்பியுங்கள். பொறியாளர்கள் நிறுவனத்தில் அசோசியேட் மெம்பர், மெம்பர், ஃபெல்லோ என்று படிநிலைகள் உள்ளன. பட்டம் பெற்ற புதியவர் முதல் படியில் சேர்வார், அனுபவமும் பொறுப்பும் கூடும்போது மேலே போவார். டிப்ளமோ முடித்தவர்களுக்கும் டெக்னீஷியன் நிலையில் இடம் உண்டு. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அனுபவச் சான்று, அடையாள அட்டை, புகைப்படம் ஆகியவற்றை முதலிலேயே ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அனுபவச் சான்றில் சைட் இன்ஜினியர் என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த வகைக் கட்டடம், எத்தனை மாடி, உங்கள் பொறுப்பில் இருந்தது என்ன என்பதை எழுதி வாங்குங்கள். நம் பக்கத்தில் வேலை மாறும் பிள்ளைகள் பலர் பழைய இடத்தில் எந்தச் சான்றும் வாங்காமல் வந்துவிடுகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து அந்த நிறுவனமே இருக்காது. கட்டணத்தையும் படிவத்தையும் மையத்தின் அலுவலகத்திலேயே நேரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

சார்ட்டர்ட் இன்ஜினியர் என்ற சான்று உறுப்பினரானதும் தானாக வருவதில்லை. போதிய அனுபவம் சேர்ந்த பிறகு அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில மதிப்பீட்டுச் சான்றுகளுக்கு வங்கிகளும் சுங்கத் துறையும் அந்தக் கையொப்பத்தைக் கேட்பது உண்டு என்பதால், தனித்துத் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு அது பயன்படும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். டிப்ளமோ முடித்து வேலையில் இருந்தபடியே இந்த நிறுவனத்தின் ஏ, பி பிரிவுத் தேர்வுகளை எழுதிப் பட்டத்துக்கு இணையான தகுதி பெற்றவர்கள் நம் பக்கத்தில் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். பகலில் மணலியில் வேலை பார்த்துவிட்டு இரவில் தெருவிளக்கில் படித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் 2013 மே 31-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்த இணைத்தகுதி முன்போல் அரசு வேலைக்குச் செல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்பாவோ மாமாவோ அப்படித்தான் இன்ஜினியர் ஆனார் என்ற நம்பிக்கையில் பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் எந்த வேலைக்காகப் படிக்கிறீர்களோ அந்தத் துறையிடமே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு வழி எளிது. பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் இந்த அமைப்புகளின் மாணவர் கிளை இருக்கும். துறையில் பொறுப்பாசிரியரிடம் கேட்டால் தெரிந்துவிடும். கான்கிரீட் கனசதுரப் போட்டி, மாதிரி அமைப்பது, கட்டுரை வாசிப்பு என்று கிளைகள் நடத்துவதில் ஒன்றிலாவது பங்கெடுங்கள். செப்டம்பர் 15, விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள், 1968 முதல் பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று மாநில மையத்தில் நடக்கும் கூட்டத்துக்கு வந்தால், ஒரே நாளில் பல துறைப் பெரியவர்களைப் பார்த்துவிடலாம்.

அவர்களை நம் பக்கத்துக்கு அழைத்து வருவது

ஓராண்டு கேட்பவராக இருந்த பிறகு, செய்பவராக மாறுங்கள். அதற்கு வடசென்னைப் பொறியாளருக்கு இருக்கும் நல்ல வழி, ஒரு களப்பயணத்தை ஏற்பாடு செய்வது. மையங்களின் கௌரவச் செயலர்கள் இப்படியொரு யோசனையோடு வரும் இளைஞரைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

கடலரிப்பையே எடுத்துக்கொள்ளலாம். சென்னையின் செயற்கைத் துறைமுகத்தின் வேலை 1875-இல் தொடங்கி, 1881 புயலில் பெரும் சேதத்துக்கு உள்ளாகி, மீண்டும் கட்டப்பட்டது. நம் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் திசை மாறினாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த ஓட்டத்தின் குறுக்கே துறைமுகச் சுவர் நீண்டதும், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை தேய்ந்தது. கருங்கல்லைக் கொட்டித் தடுத்தார்கள், பிறகு கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளை அமைத்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக வரும் இந்த விஷயத்தை, எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு காலை நேரம் நடந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பக்கம் மணல் சேர்ந்திருப்பதும் மறுபக்கம் குறைந்திருப்பதும் தெரியும். அந்தக் குப்பங்களில் இருக்கும் பெரியவர்களிடம் முன்பு தெரு எதுவரை இருந்தது என்று கேட்டால், கையை நீட்டிக் கடலுக்குள் காட்டுவார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்தத் தகவலை வந்திருக்கும் பொறியாளர்களின் முன்னால் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தால், பயணத்தின் பாதி வேலை முடிந்தது என்பேன்.

ஏற்பாட்டை இப்படிச் செய்யலாம். இரண்டு மாதம் முன்னதாக, ஒரு பக்க அளவில் பயணத்தின் நோக்கம், பார்க்கும் இடங்கள், ஆகும் நேரம், வழிநடத்தக்கூடியவர் யார் என்பதை எழுதிக் கௌரவச் செயலரிடம் கொடுங்கள். துறைமுகத்துக்கு உள்ளேயோ நெம்மேலி, காட்டுப்பள்ளி போன்ற கடல்நீர்க் குடிநீர் ஆலைக்கோ போக நினைத்தால் மையத்தின் கடிதத்தாளில்தான் அனுமதி கேட்க வேண்டும். ஆட்களின் பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள், பதில் வர வாரக்கணக்கில் ஆகும். 2010-இல் இயங்கத் தொடங்கிய, நாளொன்றுக்கு 100 மில்லியன் லிட்டர் கொள்ளளவுள்ள, மீஞ்சூர் ஆலை என்று அழைக்கப்படும் அந்தக் காட்டுப்பள்ளி ஆலை நம் பகுதிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், தண்ணீர்த் துறையினரை ஈர்க்க அது நல்ல இடம். பொதுச் சாலையிலும் கரையிலும் மட்டும் நடக்கும் பயணத்துக்கு இத்தனை சிரமம் இல்லை. ஆனாலும் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லி வரவேண்டும். முப்பது பேர் திடீரென்று வந்து வீட்டு வாசலில் நின்று படம் எடுத்தால் யாருக்கும் கோபம் வரும்.

எண்ணிக்கையை முப்பதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் போனால் பின்வரிசையில் இருப்பவருக்குப் பேச்சு கேட்காது. காலை ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் வெயிலுக்கு முன் முடித்துவிடலாம். கடைசியில் 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தில் எல்லோரையும் நிறுத்துங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம் அது, பழைய கட்டடத்தின் தூண்களையும் சுண்ணாம்புப் பூச்சையும் பற்றிப் பேச ஒருவரை முன்பே கேட்டு வைத்தால் பயணம் நன்றாக முடியும். குடிநீர், தொப்பி, முதலுதவிப் பெட்டி, கழிப்பறை வசதியுள்ள இடம் ஆகியவற்றை நீங்களே பயணத்துக்கு முந்தைய வாரத்தில் நேரில் நடந்து உறுதிசெய்யுங்கள். கருங்கல் தடுப்பின்மேல் யாரையும் ஏறவிடாதீர்கள். பாசி படிந்த கல் வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும்.

பயணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுங்கள். எங்கே என்ன பார்த்தோம், என்ன அளந்தோம், யார் என்ன கேட்டார், எதற்குப் பதில் கிடைக்கவில்லை என்பவை அதில் இருக்கட்டும். பதில் கிடைக்காத கேள்விகளைத் தனித்தாளில் எழுதி, அடுத்த மாதச் சொற்பொழிவுக்குப் பேச்சாளரைத் தேடும்போது செயலரிடம் காட்டுங்கள். குறிப்பின் ஒரு நகலைத் தமிழில் எழுதி, வழிகாட்டிய குப்பத்துப் பெரியவர்களிடமும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.